பாட்டி சீட் வாங்கும்முன் குழந்தையின் காலைப் பாருங்கள்

இரண்டரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மூன்று நாளாக ஆய் போகவில்லையாம். கேட்டுக்கொண்டே போனால் கதை மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கியிருப்பது தெரிகிறது. அதற்குள் வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு, விளக்கெண்ணெய், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சிரப் என்று ஒரு சுற்று முடிந்திருக்கும். மருத்துவர்தான் கடைசி. இப்படித் தாமதமாக வருகிற குழந்தைகளில் பலருக்குக் குடலில் எந்த நோயும் இருப்பதில்லை. வீட்டுக் கழிப்பறைதான் அவர்கள் அளவுக்கு இல்லை. சென்னைக்குத் தெற்கே கூடுவாஞ்சேரி தொடங்கி மறைமலை நகர், செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் அடுக்ககங்கள் எழுந்துவிட்டன. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு அந்த வேகம் இன்னும் கூடியிருக்கிறது. இந்த வீடுகளில் இரண்டு கழிப்பறை இருந்தால் அநேகமாக இரண்டுமே வெஸ்டர்ன். அந்தப் பீங்கானின் உயரம் சுமார் 40 செ.மீ. இரண்டு வயதுக் குழந்தைக்கு உள்ளங்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். குழந்தைகள் ஆய் போக உட்காரும் பாட்டி (potty) சீட் வாங்குவதில் உள்ள சூட்சுமம் எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

தொங்குகிற கால் என்ன செய்யும்?

உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு முக்கிப் பாருங்கள். வயிற்றில் அழுத்தம் அதிகரிக்காது; தொடைதான் இறுகும். பெரியவர்களுக்கே இப்படி என்றால், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இரு கையாலும் சீட்டின் விளிம்பைப் பிடித்திருக்கும் குழந்தைக்கு எப்படி இருக்கும்? தளர வேண்டிய தசைகளைத்தான் அது இறுக்கிக்கொள்கிறது. இஸ்ரேலிய மருத்துவர் டோவ் சிகிரோவ் 2003-இல் 28 பேரை மூன்று விதமாக உட்கார வைத்து நேரம் பார்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது சராசரியாக 51 விநாடியில் காரியம் முடிந்தது. வழக்கமான உயர டாய்லெட்டில் 130 விநாடி ஆனது. அவர்கள் பெரியவர்கள், எண்ணிக்கையும் குறைவு என்று சொல்லலாம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் உடம்பின் கோணத்தைப் பற்றி அந்த ஆய்வு காட்டிய திசை குழந்தைக்கு மட்டும் மாறிவிடாது. பாதம் ஊன்றி, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருந்தால் மலக்குடல் நேராகி வழிவிடுகிறது.

வெளிநாட்டுக் குழந்தைகள் எல்லாம் அதே வெஸ்டர்னில்தானே போகிறார்கள் என்ற கேள்வி உடனே வரும். அங்கேயும் மலச்சிக்கல் குழந்தைகளிடம் சாதாரணமாகக் காணப்படும் தொல்லைதான். காலடியில் ஒரு சிறு ஸ்டூல் போடுங்கள் என்றுதான் அங்குள்ள குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். நாம் பீங்கானை இறக்குமதி செய்துகொண்டோம், ஸ்டூலை விட்டுவிட்டோம்.

பாட்டியின் காலே முதல் சீட்

பாட்டி சீட் என்று தமிழில் எழுதினால் நம் வீட்டுப் பாட்டிதான் நினைவுக்கு வருகிறார். அது பொருத்தம்தான். பாட்டி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தன் இரண்டு பாதங்களின் மேல் பேரப்பிள்ளையைக் குந்த வைத்து ஆய் போக வைத்த காலம் வெகுதூரத்தில் இல்லை. அதில் குழந்தையின் பாதம் ஊன்றியிருந்தது, முழங்கால் உயர்ந்திருந்தது, முதுகுக்குப் பிடிமானமும் இருந்தது. ஆயிரம் ரூபாய் கொடுத்தும் கடையில் கிடைக்காத அமைப்பு. அரசு அங்கன்வாடிகளில் சின்னப் பாதத்துக்கு ஏற்ற சிறிய கோப்பையோடு குழந்தைநேயக் கழிப்பறை கட்டுவதற்கும் காரணம் இதுதான். பெரியவர்களுக்கான இந்தியன் டாய்லெட்டில் கால் வைக்கும் மேடைகளின் இடைவெளி குழந்தையால் எட்ட முடியாத அளவு. நடுவே இருக்கும் குழியைப் பார்த்தாலே சில குழந்தைகள் பயந்து அலறும். ஆகவே, இந்தியன் இருக்கிற வீட்டுக்குச் சீட் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. வயது ஏறும்வரை அங்கேயும் தரையில் வைக்கும் பாட்டி உதவும்.

கடையில் எதைப் பார்ப்பது?

பழக்கத் தொடங்கும் முதல் ஆறு மாதத்துக்குத் தரையில் வைக்கும் எளிய பிளாஸ்டிக் பாட்டிதான் நல்லது. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். குழந்தை தானாக உட்கார்ந்து தானாக எழ முடிய வேண்டும், உட்கார்ந்தபின் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும், சாய்ந்தால் கவிழக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் மற்றதெல்லாம் அலங்காரம். கார் வடிவமும் வாத்து வடிவமும் விற்பதற்காகச் செய்தவை. பாட்டுப் பாடும் சீட்டில் குழந்தை நெடுநேரம் உட்காரும் என்கிறார்கள். நெடுநேரம் உட்காருவதுதான் கூடாது. ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து. கையில் செல்போனைக் கொடுத்து அரைமணி நேரம் உட்கார வைத்தால் ஆய் போகும் பழக்கம் வராது, செல்போன் பழக்கம் வரும்.

வெஸ்டர்ன் மேல் பொருத்தும் வளையம் மட்டும் வாங்குவது பாதி வேலை. வளையம் ஓட்டையைச் சிறிதாக்கும், உயரத்தைக் குறைக்காது. அதோடு உறுதியான ஸ்டூலும் வேண்டும். ஏணியோடு வரும் சீட்டில் கடைசிப் படி பாதத்துக்கு எட்டுகிறதா, ஏறும்போது ஆடுகிறதா என்று கடையிலேயே குழந்தையை உட்கார வைத்துப் பாருங்கள். பஞ்சு வைத்த மெத்தை சீட் ஒரு கிழிசல் விழுந்தால் மூத்திரத்தை உறிஞ்சி நாற ஆரம்பிக்கும். ஆண் குழந்தைக்காக முன்பக்கம் தூக்கலாக வைத்திருக்கும் தடுப்பு, ஏறி இறங்கும்போது குறியைக் கீறிவிடக்கூடும், கழற்றி எறியுங்கள். பையன் நின்றுகொண்டு மூத்திரம் போகும்போது கனமான சீட் மூடி சரிந்து குறியை நசுக்கிய விபத்துகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மெதுவாக இறங்கும் மூடி போடுங்கள். குளியலறையில் வாளித் தண்ணீர் நிறைந்து கிடப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. சில அங்குலத் தண்ணீர் போதும், நடை பழகும் குழந்தை மூழ்க.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை மலம்தானே, அதில் என்ன கெடுதல் என்று பாட்டியில் இருப்பதை வாய்க்காலில் கொட்டுகிறவர்கள் உண்டு. பெரியவர்கள் மலத்தைப் போலவே அதிலும் கிருமி உண்டு. கழிப்பறையில் கொட்டி, பாட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். உங்கள் கையையும், குழந்தையின் கையையும் கழுவுங்கள்.

‘எங்க காலத்துல ஒரு வயசுலயே பழகிட்டாங்க’

இதைச் சொல்லாத மாமியார் இல்லை. அவர் சொல்வது பொய்யும் இல்லை. ஒரு வயதில் பழகியது பெரும்பாலும் அம்மாதான். குழந்தையின் முகம் சிவப்பதைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு ஓடப் பழகியிருந்தார். நாள் முழுக்க ஒருவர் கூடவே இருந்த வீட்டில் அது நடந்தது, வற்புறுத்தாதவரை தீங்கும் இல்லை. இன்று காலை மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில், ஊரில் இருக்கும் பாட்டி வீடியோ அழைப்பில் மட்டும் வரும் வீட்டில், அதே வயதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசில்டன் 1962-இல் 1,170 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பகல்நேரப் பழக்கம் முழுமையான சராசரி வயது 28.5 மாதம். பிலடெல்பியாவில் நடத்தப்பட்டு 2003-இல் வெளிவந்த ஆய்வு, 27 மாதத்துக்கு முன்பே தீவிரமாகப் பழக்கத் தொடங்கியவர்கள் முன்கூட்டி முடிக்கவில்லை என்று காட்டியது. பழக்கும் காலம்தான் நீண்டது.

டயப்பர் இல்லாமல் அனுப்பினால்தான் சேர்ப்போம் என்று பிளே ஸ்கூலில் சொன்னால் என்ன செய்வது? ஜூன் மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மே மாதத்தில் அடித்து உட்கார வைத்தால், குழந்தை அடக்கக் கற்றுக்கொள்ளும். அடக்கிய மலம் கெட்டியாகும், கெட்டியான மலம் வலிக்கும், வலித்ததால் மறுபடி அடக்கும். சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்கும் குழந்தை முக்குவதாக நினைக்கிறோம். அது அடக்கிக்கொண்டிருக்கிறது. பள்ளியிடம் இரண்டு மாதம் அவகாசம் கேளுங்கள். கொடுக்காத பள்ளி வேண்டாம்.

சோப்பு, காம்பு, தொக்கம்

சோப்புத் துண்டைச் செருகினால் உடனே போய்விடுகிறதே என்பார்கள். போகும். சோப்பின் காரம் ஆசனவாயின் மென்தோலை அரித்து எரிச்சலில் தள்ளுகிறது. அடுத்த முறை அந்த எரிச்சலை நினைத்தே குழந்தை இன்னும் கெட்டியாக அடக்கும். வெற்றிலைக் காம்பும் அதே வேலைதான், கீறல் உபரி. மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டினால் எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியா வரலாம். அது சளிக்கான மருந்தில் சுலபமாகப் போகிற நிமோனியா அல்ல. தொக்கம் எடுப்பதும் குடல் தட்டுவதும் மலச்சிக்கலுக்குச் செய்கிற உதவி ஒன்றுமில்லை, நாளைக் கடத்துகின்றன. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிக் கொடுத்த சிரப்பை ஏன் உங்கள் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்? எடை என்ன, அளவு என்ன, எத்தனை நாள்?

ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணியாகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று எண்ணி பேதி நிறுத்தும் மருந்து கொடுப்பது இன்னும் மோசம். உள்ளே கட்டிய மலத்தைச் சுற்றி வழிந்து வருவதும் அப்படித்தான் இருக்கும். மருத்துவர் தரும் மலமிளக்கிகள் பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். அவற்றை மாதக்கணக்கில் கொடுத்துத்தான் மெல்லக் குறைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பழைய கதை தொடங்கும்.

எப்போது வர வேண்டும்?

மலத்தில் ரத்தம், வயிறு உப்பல், வாந்தி, எடை ஏறாமை, பிறந்து இரண்டு நாள் கழித்தே முதல் மலம் போனது — இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்கேன் தேவைப்படாது, வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலே போதும்.

மற்றபடி வீட்டிலேயே செய்யக்கூடியவை உண்டு, தயவுசெய்து செய்யுங்கள். பசும்பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பிஸ்கட்டைக் குறைத்துக் கொய்யா, பப்பாளி, கீரை கொடுங்கள். காலைச் சாப்பாடு முடிந்த அரைமணிக்குள் குடல் தானே அசையும்; அந்த ஐந்து நிமிடத்தை ரயிலுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். போகவில்லை என்றால் திட்டாமல் எழுப்பிவிடுங்கள். சீட் எதுவானாலும் பாதத்துக்கு ஒரு தரை கொடுங்கள். சோப்புத் துண்டைச் சோப்பு டப்பாவிலேயே விட்டுவிடுங்கள்.