நீர்த்தோட்டத்தில் ஒளியும் உணவும்

சிங்கப்பூரின் ஈசூன் அடுக்குமாடி வீடுகளில் மீன்தொட்டிக்குள் செடி வளர்க்க விழைகிறவர், சூரியப்பிரகாசத்துக்கு ஈடாக எண்ணிப் பளிச்சிடும் எல்இடி விளக்கைப் பொருத்தி, சில வாரங்களில் கண்ணாடியெங்கும் பச்சைப் படலமும் இலை விளிம்பில் கரும்பாசியும் ஏறக்கண்டு, உரம் போதவில்லையோ என்று அதையும் கூட்டிவிடுவது வழக்கம். குற்றம் பெரும்பாலும் விளக்கினுடையது.

ஒளியே வளர்ச்சியின் வேகத்தை நிர்ணயிக்கிறது. வேகம் கூடக்கூட, கரியமில வாயு, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, இரும்பு ஆகிய அனைத்தையும் செடி அதிகமாகக் கேட்கிறது. இவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே வளர்ச்சிக்கு எல்லை என்பது, 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய ரசாயன அறிஞர் லீபிக் பிரபலப்படுத்திய விதி. காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் கரியமில வாயு ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுவதால், தொட்டியில் முதலில் தட்டுப்பாடாவது பெரும்பாலும் அதுதான்; ஆகவே உக்கிரமான விளக்கை விரும்புவோர், சிலிண்டர் வைத்து, லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் வரை அவ்வாயுவைக் கரைக்கிறார்கள். செடி பயன்படுத்தாமல் விட்ட ஒளி பாசிக்கு ஆதாயம்.

குறை எதுவென்று இலையே காட்டிக்கொடுக்கும். தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பும் சக்தி செடிக்கு உண்டாகையால், முன்னது குறைந்தால் அடியிலைகள் மஞ்சளிக்கும். பின்னது குறைந்தால் அவற்றில் ஊசித்துளைகள் விழும். இரும்பு அவ்வாறு எளிதில் இடம்பெயராது; அது குறைந்தால், தளிர் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும்.

பூமத்தியரேகையை ஒட்டிய சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமாயினும், இத்தீவுக்கே உரிய கிரிப்டோகோரைன் தீமாஹென்சிஸ் என்னும் நீர்ச்செடி, புக்கித் தீமா வனத்தின் மரநிழல் விழும் ஓடையில்தான் வாழ்கிறது. நீர்ச்செடிகள் எல்லாமே கொளுத்தும் ஒளியை வேண்டுவனவல்ல என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டியதில்லை. ஆதலின், புதிதாகத் தொட்டி வைப்போர் மிதமான விளக்கை, டைமர் பொருத்தி, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் மட்டும் எரியவிட்டு, செடி வேரூன்றிய பின்னரே படிப்படியாகக் கூட்டுவார்களாக. உரத்தை மாற்றினால் பழைய இலையைப் பார்க்காமல், அதற்குப்பின் விரியும் புதிய இலையைப் பார்த்தே பலனைத் தீர்மானிப்பார்களாக. வெட்டிய தண்டுகளையும் மிகுந்த மீன்களையும் ஈசூன் குளத்திலோ கீழ் சிலேத்தார் நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடலாகாது.