பழைய படுகை அணைகளும் அவற்றின் பாதுகாப்பும்

புதுச்சேரி நகரிலிருந்து மூலக்குளம், வில்லியனூர் வழியே விழுப்புரம் நோக்கிச் செல்பவர் சங்கராபரணி ஆற்றைக் கடந்தே செல்ல வேண்டும். செஞ்சி மலைப் பகுதியில் உற்பத்தியாகி, செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் பெயர் வழங்கும் இவ்வாறு, வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில தினங்கள் மாத்திரம் இரு கரையும் புரண்டு ஓடும். அந்தச் சில தினங்களில் வரும் ஜலத்தைத் தேக்கி நிறுத்துவதிலேயே இப்பகுதி விவசாயத்தின் ஜீவன் இருக்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் 1959-ல் கட்டி முடிக்கப்பட்ட வீடூர் அணை 32 அடி உயரமும் 605 மில்லியன் கனஅடி கொள்ளளவும் உடையது. அதன் பாசனம் தமிழ்நாட்டில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கருமாகும். அதற்குக் கீழே சுத்துக்கேணி வாய்க்கால் பிரிந்து ஊசுட்டேரிக்கு ஜலம் கொண்டு செல்கிறது. ஏரி நிறைந்த வருஷத்தில் சுற்றுப்புறக் கிணறுகளில் ஊற்று ஏறுவதையும், வறண்ட வருஷத்தில் குழாய்க் கிணறுகளை மேலும் ஆழப்படுத்த நேருவதையும் நிலச்சுவான்தார்கள் நன்கு அறிவார்கள். கடலோரத்தில் ஊற்று இறங்கினால் உப்புநீர் உள்ளே ஏறிவிடும் என்பதும் அவர்களுக்குப் புதிதன்று.

பிள்ளையார்குப்பத்துக்கும் செல்லிப்பட்டுக்கும் இடையே இவ்வாற்றின் குறுக்கே ஒரு படுகை அணை இருந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டு, நூறாண்டுக்கு மேல் இரு கரைக் கிராமங்களின் கிணறுகளுக்கும் ஊற்றுக் கொடுத்து வந்த அந்த அணை, 2021-ம் வருஷம் நவம்பர் மாத வெள்ளத்தில் உடைந்தது. விடுமுறை நாட்களில் நகரத்து ஜனங்கள் குடும்பத்துடன் வந்து நீராடும் இடமாகவும் அது இருந்தது. ஓர் அணையில் விவசாயிக்கு ஊற்றும் நகரத்தாருக்கு உல்லாசமும் சேர்ந்து கிடைக்கும்போது, அதன் பழுதைக் கவனிக்க வேண்டியவர் யார் என்பது மறந்துபோவது சகஜம்.

இவ்வாறான அணை உடைந்தவுடன், ‘பழசு, அதனால் போயிற்று’ என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மையே. அதே நவம்பரில், விழுப்புரம் ஜில்லாவில் தென்பெண்ணையின் குறுக்கே 1949-50-ல் கட்டப்பட்ட எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு உடைந்தது. அதே ஆற்றில் 2020-ல் சுமார் 25 கோடி ரூபாய்ச் செலவில் கட்டி முடிந்த தளவானூர்த் தடுப்பணையும் உடைந்தது. பின்னது அவ்வருஷம் ஜனவரியிலேயே ஒருமுறை பழுதுபட்டதாகும். எழுபது வயதுடைய அணையும் ஒரு வயதுடைய அணையும் ஒரே வெள்ளத்தில் போகுமானால், காரணத்தை வயதில் மாத்திரம் தேடுவது சரியாகாது.

மணலின் மேல் கட்டிய அணை எவ்வாறு நிற்கிறது என்பதை விவசாயிகள் அறிந்திருத்தல் நலம். அணையின் மேற்புறம் நிற்கும் ஜலம் முடியின் மேல் வழிவதோடு நில்லாமல், அடித்தளத்தின் கீழேயுள்ள மணலின் ஊடாகவும் கசிந்து கீழ்ப்புறம் சென்றுகொண்டே இருக்கும். அக்கசிவு மெதுவாக இருக்கும் வரையில் தீங்கில்லை. வேகம் மிகுந்தால் மணலையும் உடன் அள்ளிக்கொண்டு வெளிவரும்; அடியில் எலி வளை போன்ற குடைவு உண்டாகி, ஒருநாள் மேற்கட்டு தாங்குதலின்றி உட்காரும். கங்கையில் நரோரா அணைக்கட்டு 1898-ல் இம்மாதிரி அடிக்கசிவாலேயே சேதமடைந்தது. இத்தகைய சேதங்களை ஆராய்ந்த பிளை என்னும் எஞ்சினீயர், கசியும் ஜலம் அடித்தளத்தை ஒட்டிக் கடக்க வேண்டிய தூரத்துக்கு ஒரு கணக்கு வகுத்தார். தென்னிந்திய ஆறுகளின் பருமணலில், ஜலம் நிற்கும் உயரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரம் வேண்டும் என்பது அவர் கண்ட அளவு. நைஸான மணலாயின் பதினைந்து மடங்கு. இதைவிட நுட்பமான முறைகள் பிற்காலத்தில் வந்துவிட்டன. ஆயினும் விஷயத்தை விளங்கிக்கொள்ள இக்கணக்கே போதும்.

உதாரணமாக, அணையின் இருபுறத்து நீர்மட்டத்துக்கும் வித்தியாசம் 6 அடி என்று வைத்துக்கொள்வோம். 6-ஐ 12-ஆல் பெருக்க 72 அடி. கட்டினவர்கள் தளவரிசையின் நீளத்தையும், பூமிக்குள் இறக்கிய சுவர்களின் இருபக்க ஆழத்தையும் கூட்டி அந்த 72 அடியைச் சரிக்கட்டியிருப்பார்கள். பின்பு ஆற்றின் கீழ்ப்புறத்தில் மணல் அள்ளப்பட்டுப் படுகை 3 அடி தாழ்ந்துபோகிறது. இப்போது வித்தியாசம் 9 அடி. வேண்டிய தூரம் 108 அடி. அணையோ பழைய 72 அடியுடனே நிற்கிறது. அதில் ஒரு கல்கூடப் பெயரவில்லை, காரையும் உதிரவில்லை, பார்ப்பவர் கண்ணுக்குத் திடமாகவே தோன்றும். ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு பலம் குறைந்துவிட்டது. வண்டிக்கு இவ்வளவு என்று மணலை விலை பேசுகிறவர், கிராமத்தின் அணையையும் சேர்த்தே விலை பேசுகிறார் என்பதில் மிகையில்லை.

படுகை தாழ்ந்தால் வேறொரு தீங்கும் உண்டு. முடியின் மேல் வழிந்து விழும் ஜலம் முன்னைவிட உயரத்திலிருந்து விழுவதால், தளவரிசையின் கடைசி ஓரத்தில் பள்ளம் பறிக்கும். பள்ளம் பின்னோக்கி ஏறித் தளவரிசையின் அடியைத் தின்னும். கரையோரம் வளரும் அரசு, ஆல், வேலிக்கருவேல் முதலியவற்றின் வேர்கள் கட்டடச் சந்துகளில் புகுந்து காரையைப் பிளப்பதும், அணையும் மண்கரையும் சேரும் மூலையில் வெள்ளம் சுற்றிப் பாய்ந்து கரையை அறுப்பதும் சாதாரணமாகக் காணக்கூடியவை. அணை உறுதியாக நிற்க, ஆறு அதன் பக்கத்தில் புது வழி கண்டுகொண்ட இடங்களும் உண்டு. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில், 1836-ல் கட்டப்பட்ட மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்டு 22-ந் தேதி இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. அங்கும் பூங்கா உண்டு. பகலில் உல்லாசமாய்ப் பொழுதுபோக்க வருவோர் பலர். இரவில் நேர்ந்தது ஒரு பாக்கியம் என்றே கருத வேண்டும்.

நீராடுவோர் விஷயம் தனியே சொல்லத்தக்கது. 2022 ஜூன் 5-ந் தேதி கடலூர் ஜில்லாவில், கெடிலம் ஆற்றில் நெல்லிக்குப்பத்தை அடுத்த குச்சிப்பாளையம் தடுப்பணைப் பகுதியில் குளிக்கச் சென்ற பெண்களும் சிறுமிகளுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தனர். அது வெள்ள காலமன்று, கோடைக்காலம். அணையை ஒட்டிய ஜலம் ஓடாமல் நிற்பதால் ஆபத்தற்றது என்று எவருக்கும் தோன்றும். அடியில் ஆளை விழுங்கும் பள்ளம் இருப்பது மேலே தெரியாது. ஒருவர் அமிழ்ந்தால் கைகொடுக்கப் போனவரும் அமிழ்வர். வெள்ள காலத்திலோ, அணையின் கீழ்ப்புறத்தில் விழும் ஜலம் அடியில் சென்று மேலெழுந்து, மீண்டும் அணையை நோக்கியே திரும்பிச் சுழலும். அதில் அகப்பட்ட கட்டை வெளியேற முடியாமல் உருண்டுகொண்டிருப்பதைக் காணலாம். நல்ல நீச்சல்காரனும் அந்தக் கட்டையைப் போன்றவனே. மூன்றடி, நான்கடி உயரமே உள்ள அணையிலும் இச்சுழல் உண்டாகும்.

ஜனங்கள் நீராட வருவதை அடியோடு தடுப்பது நடவாத காரியம், வேண்டியதும் அன்று. கட்டணம் ஏதேனும் வசூலித்தால் அது பராமரிப்புக்கும் உதவும். ஆனால் நீராடும் துறை அணையின் மேற்புறத்தில், முடியினின்றும் மதகினின்றும் விலகி, அடி திடமான ஓரிடத்தில் இருக்க வேண்டும். வருஷந்தோறும் வெள்ளம் வடிந்தபின், அவ்விடத்தின் ஆழத்தைக் கழியிட்டு அளந்து, கல் நட்டு, அதற்கப்பால் போகலாகாது என்று கயிறு கட்டுதல் வேண்டும். முடியின் மேல் ஜலம் வழியும் நாட்களில் கீழ்ப்புறத்துக்கு ஒருவரையும் விடலாகாது. வீடூரில் மதகு திறக்கும் செய்தி கிடைத்தவுடன் தண்டோராவோ ஒலிபெருக்கியோ வைத்து அறிவிப்பது கிராமாதிகாரிகளின் கடமை. 2024 டிசம்பர் முதல் தேதியோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அம்மாதிரி நாளில் ஆறு ஏற அதிக நேரம் ஆகாது.

மத்திய சர்க்காரின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பரில், அதாவது மேற்சொன்ன அணைகள் உடைந்த மறுமாதத்தில், நிறைவேறியது. எனினும் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சில வகைக்குமே உரியது. ஆள் உயரமுள்ள படுகை அணை அச்சட்டத்தின் கணக்கில் வராது. ஆகவே கிராமத்தாரின் கண்ணே அதற்குக் காவல். புதுச்சேரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 84 ஏரிகள் புதுப்பிக்கப்பட்டபோது ஏற்பட்ட ஏரிச் சங்கங்களைப் போல், படுகை அணைக்கும் இரு கரையாரும் சேர்ந்த ஒரு சங்கம் இருப்பது உசிதம். ஒரு கரையார் மாத்திரம் சேர்ந்தால் வழக்கே மிஞ்சும்.

சங்கத்தார் செய்ய வேண்டியது பெரிய செலவன்று. சித்திரை, வைகாசியில் ஆறு வறண்டிருக்கும்போது, முடியிலிருந்து கீழ்ப்புறப் படுகை வரை உள்ள தாழ்வை நூல் கட்டி அளந்து, தேதியுடன் ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். கட்டடத்தில் முளைத்த கன்றுகளை வேரோடு களைதல் அப்போதே முடிய வேண்டும். வெறுமனே வெட்டிவிட்டால் மறுமழைக்குத் தழைத்துவிடும். ஜலம் நிற்கும் காலத்தில், கீழ்ப்புறத்து மணலில் ஊற்றுப் பொங்குகிறதா என்று பார்த்து, பொங்குமிடத்து ஜலத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்து ஒரு நாழிகை வைத்திருக்கலாம். தெளிவாக இருந்தால் தினமும் கவனித்துவரப் போதும். அடியில் மணல் படிந்தால் அன்றே பொதுப்பணித் துறையாருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் வரும் வரையில் ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்க வேண்டும். ஊற்றை நேரே அடைத்து மூடலாகாது. மூடினால் அது வேறிடத்தில் இன்னும் வேகமாகக் கிளம்பும். வளையத்துக்குள் ஜலம் ஒரு முழம் உயர்ந்தால் அதன் பாரமே ஊற்றின் வேகத்தைக் குறைக்கும், மணல் வெளிவருவதும் தணியும்.