உஷார்! ‘டெமாக்ரட்’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஓட்டுரிமை உள்ளவரா நீங்கள்? ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடுகிறவரா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

வேட்பாளர் பெயரோடு ‘டெமாக்ரட்’ என்று அச்சாகியிருப்பது தரச்சான்று அல்ல. நம் ஊரில் கட்சித் தலைமை சீட்டுக் கொடுத்தால்தான் கட்சிப் பெயரில் நிற்க முடியும். அங்கே அப்படிக் கிடையாது. வேண்டிய கையெழுத்துகளைத் திரட்டி மனுக் கொடுத்து, அந்த மனு தள்ளுபடியாகாமல் நின்றால் யாரும் பிரைமரியில் போட்டியிடலாம். ஜெயித்தால் கட்சியின் வேட்பாளர் அவர்தான். அவரைப் பற்றி வருகிற அறிமுகக் குறிப்பும் பெரும்பாலும் அவரே எழுதிக்கொடுத்தது.

இதைக் கவனிக்காமல் இல்லினாய் மாநிலம் இரண்டு முறை சூடுபட்டிருக்கிறது.

முதல் சூடு, 1986 மார்ச் 18. ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியில் நின்றவர் முன்னாள் செனட்டர் அட்லாய் ஸ்டீவன்சன். அவருடைய அப்பா அதே மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர், இரண்டு முறை ஜனாதிபதி தேர்தலில் போட்டியிட்டவர். 1982 ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜிம் தாம்சனிடம் மகன் தோற்றது சுமார் 5,000 ஓட்டில்தான். இந்த முறை விட்டதைப் பிடித்துவிடலாம் என்று கட்சி நம்பியிருந்தது. எல்லார் கண்ணும் அந்த ஒரு பதவியிலேயே இருந்தது.

ஓட்டு எண்ணி முடித்தபோது கட்சியே ஆடிப்போனது. துணை ஆளுநர் பதவிக்குக் கட்சி ஆதரித்த ஜார்ஜ் சாங்மைஸ்டரை மார்க் ஃபேர்சைல்ட் என்பவர் வென்றிருந்தார். மாநிலச் செயலாளர் பதவிக்கு நின்ற அரேலியா புசின்ஸ்கியை ஜேனிஸ் ஹார்ட் என்பவர் வென்றிருந்தார். வென்ற இருவரும் லிண்டன் லாரூஷின் ஆட்கள். பிரிட்டிஷ் மகாராணிக்குப் போதைப்பொருள் கடத்தலில் பங்கு உண்டு என்று சொல்லிவந்தவர் இந்த லாரூஷ். அடுத்த மூன்று ஆண்டுக்குள் மோசடி வழக்கில் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர்.

இவர்கள் எப்படி ஜெயித்தார்கள்? லாரூஷின் அமைப்புக்குப் பெயர் ‘தேசிய ஜனநாயகக் கொள்கைக் குழு’. ஜனநாயகக் கட்சியின் அசல் தலைமை அமைப்போ ‘ஜனநாயக தேசியக் குழு’. அவசரத்தில் படித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கட்சியும் மெத்தனமாக இருந்துவிட்டது. சாங்மைஸ்டர், புசின்ஸ்கி என்ற பெயர்களுக்கு எதிரே ஃபேர்சைல்ட், ஹார்ட் என்பவை அமெரிக்கக் காதுக்குப் பழகிய பெயர்கள். ஆளைத் தெரியாத வாக்காளர்கள் பெயரின் ஓசையைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள் என்று அன்று பலரும் சொன்னார்கள்.

விளைவு? நவம்பர் தேர்தலில் ஆளுநர், துணை ஆளுநர் இருவருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. ஃபேர்சைல்டோடு சேர்ந்து நிற்க மாட்டேன் என்று ஸ்டீவன்சன் வேட்பாளர் தகுதியையே துறந்தார். ‘சாலிடாரிட்டி’ என்ற புதுக் கட்சி தொடங்கி நின்றார். ஓட்டுச்சீட்டில் ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் இடம் காலியாகவே போனது. தாம்சன் சுலபமாக ஜெயித்தார். யாரும் பார்க்காத ஒரு பதவி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த பதவியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2010 பிப்ரவரி 2, மறுபடியும் அதே துணை ஆளுநர் பதவி. சிகாகோவில் அடகுக்கடை நடத்திய ஸ்காட் லீ கோஹன், சுமார் 20 லட்சம் டாலர் சொந்தப் பணத்தை இறக்கி, பலமுனைப் போட்டியில் ஜெயித்தார். அதன் பிறகுதான் அவருடைய பின்னணியை ஊர் பேசத் தொடங்கியது. 2005-ல் அப்போதைய தோழியைத் தாக்கியதாக அவர் கைதாகியிருந்தார். புகார் செய்தவர் நீதிமன்றத்துக்கு வராததால் வழக்கு கைவிடப்பட்டது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். ஆனாலும் நெருக்கடி தாங்காமல் ஐந்தே நாளில் விலகினார். கட்சி வேறொருவரைத் தேடிப் போட வேண்டியதாயிற்று.

யார் சொன்னது உண்மை என்பது வேறு விவாதம். கவனிக்க வேண்டியது, அந்தக் கைது தேர்தலுக்கு முன்பே பதிவேட்டில் இருந்தது என்பது. ஓட்டுப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டியதை, போட்ட பிறகு தெரிந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு சட்டத்தை மாற்றினார்கள். 2014 தேர்தல் முதல் ஆளுநரும் துணை ஆளுநரும் பிரைமரியிலேயே ஜோடியாக நிற்கிறார்கள். அந்த ஓட்டை அடைபட்டது. மற்ற பதவிகள் அப்படியேதான் இருக்கின்றன. சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் நீதிபதிகளுக்கான பட்டியல் மிக நீளம். அங்கே ஐரிஷ் பெயர் இருந்தால் ஓட்டு விழும் என்று பெயரையே மாற்றிக்கொண்டு நின்றவர்கள் உண்டு. அதனால்தான் அண்மையில் பெயர் மாற்றிய வேட்பாளர்களின் பழைய பெயரையும் ஓட்டுச்சீட்டில் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. எதிர்க்கட்சியும் தப்பவில்லை. 2018-ல் இதே மாநிலத்தில் ஒரு நாஜி ஆதரவாளர், எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் குடியரசுக் கட்சியின் காங்கிரஸ் வேட்பாளராகிவிட்டார்.

ஆகவே, ஓட்டுப் போடப் போகும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள்:

1. உங்கள் பகுதித் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் மாதிரி ஓட்டுச்சீட்டை எடுத்து, கடைசிப் பதவியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். ஆபத்து பெரும்பாலும் கீழேதான் ஒளிந்திருக்கும்.

2. யார் பணம் என்று பாருங்கள். மாநிலப் பதவிக்கு நிற்பவரின் வரவு செலவு மாநிலத் தேர்தல் வாரியத்தின் தளத்தில் இருக்கும். அமெரிக்கக் காங்கிரசுக்கு நிற்பவருடையது மத்தியத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்கும்.

3. வழக்கறிஞர் என்று போட்டிருந்தால், அவர் உரிமம் செல்லுகிறதா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்று மாநில வழக்கறிஞர் பதிவு ஆணையத்தில் தேடுங்கள். நீதிபதி வேட்பாளர் என்றால் வழக்கறிஞர் சங்கங்களின் மதிப்பீட்டையும் பாருங்கள்.

4. ஆதரவு தரும் அமைப்பின் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். 1986-ஐ மறக்காதீர்கள்.

5. பட்டியலில் முதலில் இருப்பது தகுதியின் அடையாளம் அல்ல. முதல் நாள் காலையிலேயே வரிசையில் நின்று மனுக் கொடுத்தவர்களுக்குள் குலுக்கல் போட்டுத்தான் அந்த இடத்தைத் தருகிறார்கள்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காதுக்குப் பழகிய பெயர் என்று ஃபேர்சைல்டுக்குப் போட்டவரும், நம்ம ஊர்ப் பெயர் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவரும் செய்வது ஒரே தவறுதான். நம்மவர் நிற்பது சந்தோஷம். அவரையும் விசாரித்துவிட்டே போடுங்கள். பிரைமரியில் போடுகிறவர்கள் குறைவு, அதனால் உங்கள் ஒரு ஓட்டுக்கு அங்கே கனம் அதிகம். ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள். தெரியாத பெயருக்கு நேரே மட்டும் குறி போடாதீர்கள்.