சிரிப்புக்குப் பின்னே இசட் புள்ளி

2004இல் சரண் இயக்கிய 'வசூல் ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்தில் கமல்ஹாசன் குறுக்கு வழியில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்; நாம் சிரிக்கிறோம். நம் நாட்டில் அந்த வாசலைக் காப்பது இசட் புள்ளி.

2001 உயர்தரப் பரீட்சை முதல் இது நடைமுறையில் உள்ளது. மாணவி பெற்ற புள்ளியிலிருந்து பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பர். நியம விலகல் 10 எனக் கொள்வோம். சராசரி 45 ஆன பாடத்தில் 65 பெற்றவருக்கு இசட் புள்ளி 2. சராசரி 65 ஆன பாடத்தில் 75 பெற்றவருக்கு 1 மட்டுமே. மூன்று பாடங்களின் சராசரியே இறுதிப் புள்ளி.

பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையாலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும். ஆய்வுகூடமும் ஆசிரியரும் எல்லா ஊரிலும் சமமாக இல்லை என்பதே காரணம். ஆகவே, வெள்ளவத்தை மாணவிக்குக் கிடைக்காத இடம் அதே புள்ளியோடு வேறு மாவட்ட மாணவிக்குக் கிடைக்கலாம்.

பெற்றோரே, வெட்டுப்புள்ளியைத் தவறவிட்ட மகளைப் "படிக்கவில்லை" என்று ஏசாதீர்கள். திறந்த பல்கலைக்கழகமும் கல்வியியற் கல்லூரிகளும் உண்டு. ஒரு கதவு மூடினால் அவளுடைய படிப்பு முடிந்துவிடாது.