சோட்டன் வளவும் திருக்கோணமலைக் கல்லறையும்

திருக்கோணமலை நகரின் எஸ்பிளனேட் பகுதியிலே ஆங்கிலேயரின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கின்றது. பிறட்றிக் கோட்டை வாயிலூடாகக் கோணேசர் சந்நிதியை நாடிச் செல்லும் அடியார்கள் அதன் பக்கம் திரும்புவது அரிது. அங்கே அடக்கம் செய்யப்பட்டோருள் சார்ல்ஸ் ஒஸ்டின் என்னும் கடற்படைத் தளபதியும் ஒருவர். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் கடைசித் தம்பி அவர். ஜேன் வாழ்ந்த ஊரைக் காணப் புறப்படும் நம்மவர், முதலில் இக்கல்லறையைப் பார்த்துச் செல்வது நன்று.

அவ்வூரின் பெயர் சோட்டன். தென் இங்கிலாந்திலே ஹம்ஷயர் பகுதியில் உள்ளது. நைற் குடும்பத்தாரின் பரம்பரை வளவு அங்கே இருக்கின்றது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மாளிகை, பரந்த புல்வெளி, மதில் சூழ்ந்த தோட்டம் ஆகியவை இன்றும் உள்ளன. ஒஸ்டின் குடும்பத்துக்கு இவ்வளவோடு தொடர்பு வந்தது எங்ஙனம்? தந்தையார் கிராமத்துக் குருவானவர், பெருநிலம் அற்றவர். பிள்ளைப்பேறில்லாத செல்வந்த உறவினரான நைற் தம்பதியர் அவருடைய மூன்றாம் மகன் எட்வர்டைச் சுவீகாரம் கொண்டனர். சோட்டன் வளவும், கென்ட் பகுதியிலுள்ள கோட்மர்ஷாம் வளவும் எட்வர்டைச் சேர்ந்தன. 1812இல் அவர் தம் குடும்பப் பெயரையே நைற் என மாற்றிக்கொண்டார்.

ஏனைய பிள்ளைகளின் நிலை வேறு. தாயின் சீதனம் பெண்மக்களைச் சேரும் எனத் தேசவழமை கூறக் கேட்ட நமக்கு இது விளங்கச் சற்று நேரமாகும். அந்நாளைய ஆங்கிலப் பெருவளவுகள் துண்டுபடாதிருக்கும் பொருட்டுப் பெரும்பாலும் ஓர் ஆண்வாரிசின் கையிலேயே விடப்பட்டன. மணமாகாத பெண்கள் உடன்பிறந்தாரை அண்டி வாழ்ந்தனர். 1805இல் தந்தையார் காலமானபின், ஜேனும் தாயும் தமக்கையும் நிலையான வீடின்றி இடம் மாறிக்கொண்டிருந்தனர். 1809இலேதான் எட்வர்ட் சோட்டன் வளவைச் சேர்ந்த சிறு வீடொன்றை அவர்களுக்கு அளித்தார். நான்காண்டுகள் முன்னரே அளித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு! அவ்வீட்டில் வாழ்ந்த காலத்திலேயே ஜேனின் முதல் நாவல் அச்சேறியது. 1813இல் வெளிவந்த 'பிறைட் அன்ட் பிறெஜுடிஸ்' நாவலிலே, கதாநாயகி ஒரு செல்வரின் மாளிகையையும் சோலையையும் வெறும் பார்வையாளராகச் சுற்றி வருகின்றாள். வீட்டு மேற்பார்வைப் பெண்மணி அறை அறையாகக் காட்டுகின்றாள். பெருவளவுகளை இங்ஙனம் பார்ப்பது அக்காலத்து வழக்கம். பார்க்கலாம், ஆனால் பாத்தியதை இல்லை என்னும் அந்நிலையை ஜேன் தம் வாழ்விலேயே அறிந்தவர்.

1779இல் பிறந்த சார்ல்ஸ் சிறுவயதிலேயே கடற்படையிற் சேர்ந்தார். 1801இல், பகைக்கப்பலைக் கைப்பற்றியதற்குக் கிடைத்த பரிசுப்பணத்திலே, சகோதரியர் இருவருக்கும் புஷ்பராகக் கற்சிலுவைகள் வாங்கினார். பின்னர், கரையிலே வீடெடுக்கும் செலவைத் தவிர்க்க, மனைவியையும் சிறு பெண்களையும் 'நமூர்' போர்க்கப்பலிலேயே குடிவைத்தார். 1814இல் மனைவி பிரசவத்தை அடுத்து இறந்தார். மூன்றாண்டுகளில் ஜேனும் மறைந்தார். 1850 முதல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைமையை வகித்த சார்ல்ஸ், இரண்டாம் பர்மா யுத்தத்தின்போது, 1852 ஒக்டோபர் 7ஆம் நாள் ஐராவதி நதியிலே வாந்திபேதியால் உயிர்துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 73. இறுதியில் திருக்கோணமலை மண்ணிலே அவருக்கு ஆறடி நிலம் கிடைத்தது.

சோட்டனிலே சிறு வீடு 1949இல் அருங்காட்சியகமாயிற்று. மாளிகையிலே, பழைய காலப் பெண் எழுத்தாளர்களின் நூல்களுக்கான நூலகம் 2003இல் திறக்கப்பட்டது. இரண்டும் நடந்து செல்லும் தூரமே. மாளிகைத் தோட்டத்தைக் கண்டபின் சிறு வீட்டுக்கும் செல்லுங்கள். சார்ல்ஸ் வாங்கிக்கொடுத்த அவ்விரு சிலுவைகளும் அங்கேதான் பேணப்படுகின்றன.