மென்பொருளும் தரக்காப்பும்

மென்பொருள் ஆக்குவோர் காலத்திற்கும் செலவிற்கும் நாள்தோறும் கணக்குக் காட்டுகின்றனர். தரத்திற்குக் கணக்குக் கேட்பார் அரியர். அதன் விளைவை ஈண்டு ஒரு சான்றால் காண்போம்.

1996 ஜூன் 4 அன்று, பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்தினின்று எழுந்த ஏரியான் 5 ஏவூர்தி ஒரு நிமிடத்திற்குள் வெடித்துச் சிதறியது. நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் உடன் அழிந்தன. அதன் திசையறி கணிப்பொறியில் இயங்கிய மென்பொருள் ஏரியான் 4-க்கென எழுதப்பெற்றது. ஆண்டு பிழையின்றி உழைத்தமையால் எடுத்தாளப்பெற்றது. புதிய ஊர்தியோ கிடைவேகம் மிக்கது. அவ்வேகத்தைச் சார்ந்த 64 பிட் எண்ணொன்று 16 பிட் இடத்தில் அடங்காமற் போயிற்று. கணிப்பொறியின் சுமை கருதிச் சில மாறிகளுக்குக் காப்பு வைக்காது விட்டிருந்தனர். இதுவும் அவற்றுள் ஒன்று. துணைக்கணிப்பொறியும் அதே மென்பொருளைக் கொண்டிருந்ததால் அவ்வாறே செயலிழந்தது. (இரு பூட்டுக்கும் ஒரே சாவி!) பிழைபட்ட அப்பகுதிக்கு ஊர்தி எழுந்தபின் வேலையே இல்லை என்பதுதான் வியப்பு.

ஏரியான் 5-இன் பாதைத் தரவுகளைக் கொண்டு அக்கருவி சோதிக்கப்படவில்லை என்று அவ்வாண்டே வெளிவந்த விசாரணை அறிக்கை கூறிற்று. சோதித்திருப்பின் பிழை தரையிலேயே தெரிந்திருக்கும். எழுதியோரை நாம் குறைகூறோம். அவர்தம் பணி ஏரியான் 4-க்குச் சாலப் பொருந்தியதே. அச்சோதனையைக் கைவிட்டது திட்டம் வகுத்தோர் முடிவு.