சில்லுக்கும் குடத்துக்கும் இடையே



அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேர் ஓடிய வீதியில் மோட்டார் வண்டி ஓடத் தொடங்கிய பின்னும் இவ்வாக்கின் உண்மை மாறவில்லை. வண்டியையும் அதில் அமர்ந்திருப்போரையும் தாங்குவன நான்கு சில்லுகள். அச்சில்லுகளைப் பிடித்து நிற்பன விரல் மொத்தமேனும் இல்லாத சில திருகாணிகள். சில்லுக்கும், அது பொருந்தி நிற்கும் குடத்துக்கும் இடையே சிலர் புகுத்துகின்ற ஒரு தட்டைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். பட்டறைக்காரர் இதனை ஸ்பேசர் என்பர். நாம் இடைத்தட்டு எனலாம்.

நான் கலை பயின்றவன். இயந்திரங்களோடு பழகியவன் அல்லன். எனினும் பலாபத்வலையில் எங்கள் வீட்டுக்கு அண்மையில் வாழும் பழைய மாணவர் ஒருவரால் இவ்விடயத்தைக் கற்க நேர்ந்தது. அவர் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கி, அகலமான டயர்களைப் பூட்டினார். முன்சில்லைத் திருப்பும்போது டயரின் உட்பக்கம் உள்ளே உரசியது. சில்லைச் சற்று வெளியே தள்ளினால் உரசாது என்று யாரோ சொல்ல, ஒவ்வொரு திருகாணியிலும் வாசர்கள் சிலவற்றை அடுக்கி, அவற்றின் மேல் சில்லை வைத்து இறுக்கிவிட்டார்.

ஒருநாள் கண்டிக்குச் செல்லும் வழியில், பலகடுவ வளைவுகளில் முன்புறத்திலிருந்து தட்டும் ஓசை எழுந்தது. இறங்கிப் பார்த்தார். ஒரு சில்லின் நான்கு நட்டுகளில் இரண்டைக் காணவில்லை; மூன்றாவது கையாலேயே சுழன்றது. அன்று மாலை என்னிடம் வந்து, "சேர், இன்னும் ஒரு வளைவு போயிருந்தால்..." என்று தொடங்கியவர், அதனை முடிக்கவில்லை. பின் ஆசனத்தில் அவருடைய தாயார் இருந்திருக்கின்றார்.

மறுநாள் இருவரும் கடைசல் பட்டறை ஒன்றுக்குச் சென்றோம். அங்கிருந்த முதியவர் வாசர்களைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, திருகாணி சில்லைச் சுமப்பதில்லை, அழுத்திப் பிடிப்பதுதான் அதன் வேலை" என்றார். இந்த ஒரு வாக்கியத்திலே இப்பொருளின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

நட்டை இறுக்கும்போது திருகாணி மிக நுண்ணிய அளவில் நீள்கின்றது. நீண்டது சுருள்வில்லைப் போல மீண்டும் சுருங்க முயல்கின்றது. அம்முயற்சியே சில்லைக் குடத்தின் முகத்தோடு அழுத்துகின்றது. இரு முகங்களுக்கும் இடையே உண்டாகும் உராய்வே வண்டியின் பாரத்தையும் பிரேக்கின் இழுப்பையும் ஏற்கின்றது. முகங்கள் பரந்து பொருந்தினால் இப்பிடி நிலைக்கும். வாசர்களை அடுக்கினாலோ, பரந்த முகம் நான்கு சிறு புள்ளிகளாகக் குறுகிவிடுகின்றது. சில்லின் தகடு வளைகின்றது, வாசர்கள் நசுங்குகின்றன, அழுத்தம் தளர்கின்றது. அதன் பின் சில்லு அசையத் தொடங்கும். அசைவினால் நட்டு கழன்றுவிடும், அல்லது திருகாணி முறிந்துவிடும்.

அவ்வாறாயின் வண்டியை அகலப்படுத்துவதே தவறா? மொறிஸ் மைனரின் கதையே இதற்கு விடை தருகின்றது. இதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1948 ஆம் ஆண்டில் இவ்வண்டி வெளிவருவதற்குச் சிறிது முன்னர், மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். முன்னரே செய்து வைத்த பம்பர்களையும் நடுவில் வெட்டி இணைக்க வேண்டியதாயிற்று. அவர் வண்டி முழுவதையும் அகலப்படுத்தினார். நாமோ ஏனைய உறுப்புகளை அப்படியே விட்டுச் சில்லை மட்டும் வெளியே தள்ளுகின்றோம். நீர் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதிலும் உண்டு. பேரிங்குகளுக்குப் பளு மிகும், ஸ்டியரிங் கனக்கும். மைனரின் முன்புறக் கீழ்மூட்டு கிறீஸ் இன்றித் தேய்ந்தால் கழன்று, சில்லு மடிந்துவிடுவது பலரும் அறிந்த குறை. அம்மூட்டின் பாரத்தை இடைத்தட்டு மேலும் கூட்டுகின்றது. எனவே பொருத்தமான ரிம்மைத் தேடிப் பூட்டுவதே முதல் வழி. இடைத்தட்டு இரண்டாம் வழி.

இரண்டாம் வழியே வேண்டுமெனின், அதனை முறையாகச் செய்தல் வேண்டும். முதலாவது, அளவு. உரசுவதைத் தவிர்க்க எவ்வளவு தேவையோ அவ்வளவே தடிப்பு. நண்பருக்கு 8 மில்லிமீற்றர் போதுமாயிருந்தது. திருகாணிகளின் மையங்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் மைனருக்கு 4 அங்குலம், அஃதாவது 101.6 மில்லிமீற்றர். நான்கு திருகாணி உள்ள சில்லில், எதிரெதிரான இரண்டின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரமே இவ்விட்டம். ஐந்து இருப்பின், அடுத்தடுத்த இரண்டின் மையத் தூரத்தை 1.701 ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, உலோகம். பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்த அலுமினியம் உதவாது. உள்ளே காற்றுக் குமிழிகள் இருக்கும். உருக்கு, அல்லது 6061 என்னும் வகை அலுமினியக் கலப்புலோகக் கட்டி ஏற்றது. மெல்லிய தகடுகளை அடுக்குதல் கூடாது.

மூன்றாவது, கடைசல். கட்டியை லேத்தில் பிடித்து, நடுத்துளையைக் குடத்தின் மேட்டுக்கு இறுக்கமாக அமையுமாறு குடைந்து, இரு முகங்களையும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகச் சீவ வேண்டும். தட்டு ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்தால் சில்லு தள்ளாடும். திருகாணித் துளைகளைக் கண்ணளவால் இடாது, வட்டத்தைச் சமபங்காக்கும் மேசையில் வைத்துத் துளைக்க வேண்டும். துளைகளின் ஓரப் பிசிர்களை நீக்குதலும் இன்றியமையாதது.

நான்காவது, திருகாணியின் நீளம். பலர் தவறுவது இங்கேதான். நட்டு, திருகாணியின் விட்டமளவேனும் புரியைப் பற்றியிருத்தல் வேண்டும். மைனரின் திருகாணி 3/8 அங்குலம். அங்குலத்துக்கு 24 புரி. ஆகவே குறைந்தது 9 முழுச் சுற்று வேண்டும். 8 மில்லிமீற்றர் தட்டு ஏழரைச் சுற்றை விழுங்கிவிடும். எனவே தட்டின் தடிப்பளவு நீண்ட, தரமான புதிய திருகாணிகளை இடுதல் கட்டாயம்.

பூட்டும்போது துருவையும் பழைய பெயின்றையும் முகங்களிலிருந்து நன்கு சுரண்ட வேண்டும். நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, இறுதியில் வண்டியின் கைந்நூல் கூறும் அளவுக்கு அளவுச் சாவியால் முடிக்க வேண்டும். சில்லைத் திருப்பி, எதிலும் தட்டாமையைப் பார்க்க வேண்டும். முதற் பயணம் முடிந்து சில்லு ஆறிய பின் மீண்டும் இறுக்கத்தைச் சோதித்தல் நன்று. இத்தகைய மாற்றத்துக்கு முன்னரே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளையும் காப்புறுதி நிபந்தனைகளையும் கேட்டறிதல் நம் கடன்.

நண்பரின் வண்டிக்கு அம்முதியவரே இரண்டு தட்டுகள் கடைந்து கொடுத்தார். அவற்றைப் பூட்டியபின் நண்பர் முதலில் தனியாகவே கண்டிக்குச் சென்று திரும்பினார். வீட்டு வாசலில் நிறுத்தி, வண்டி ஆறும்வரை காத்திருந்து, சாவியை எடுத்து நட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். எதுவும் அசையவில்லை. அடுத்த கிழமைதான் தாயாரை ஏற்றிச் சென்றார்.

பிறர் உயிரை ஏற்றிச் செல்லும் வண்டியில், மறைந்திருக்கும் உறுப்புக்கே முதற் கவனம் உரியது.